முப்பதடி ரோடும் முந்நூற்று இருபது வீடும்

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு கழனி இருக்கிறது. மூன்றரை ஏக்கர். அதில் 320 வீடுகள் கட்டப் போகிறார்கள். நாங்கள் குடியிருக்கும் நகர் மொத்தமும் சேர்த்தே ஆறு தெரு, 142 வீடு. அதுவும் முப்பத்தைந்து வருஷத்தில் ஒன்றொன்றாக வந்து சேர்ந்தவை. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஒரே காம்பவுண்டுக்குள், இரண்டு மூன்று வருஷத்தில் எழும்பி நிற்கப் போகிறது.

தை மாதம் கழனியைச் சுற்றித் தகரம் அடித்த நாளிலிருந்து எங்களிடம் வேறு பேச்சே இல்லை. கோயிலில், பால் வாங்கும் இடத்தில், வாட்ஸ்அப் குழுவில், எங்கே பார்த்தாலும் இதுதான். அந்தப் பேச்சில் பாதி எனக்கு ஒப்பவில்லை. மீதிப் பாதி எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இரண்டும் கலந்து ஒரே கூச்சலாகப் போனால் யார் காதிலும் எதுவும் விழாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காட்பாடிப் பக்கம், பாலாற்றின் வடகரை. இடத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏரியின் பெயரைச் சொன்னால் கழனியை விற்றவர் யார் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அவரை நான் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அவர் பெயர் தெருவில் அடிபடுவதை நான் விரும்பவில்லை.

எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். காட்பாடி ஜங்ஷனில் இறங்கி சைக்கிளில் வந்துவிடும் தூரத்தில் ஒரு மனை வேண்டும் என்று தேடி, 1988ல் இந்த இடத்தை வாங்கினார். அந்தக் கிரயப் பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று எழுதியிருக்கும். அடுத்த வருஷமே திருவண்ணாமலை தனியாகப் போயிற்று. 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நாங்கள் ஊராட்சியாக இருந்து 2011ல் மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். இத்தனை மாறியும் அந்தப் பத்திரத்தின் நான்கெல்லை மட்டும் மாறவில்லை. வடக்கே 30 அடி ரோடு, கிழக்கே மனை எண் 41, தெற்கே மனை எண் 57, மேற்கே ஏரி கோடிக் கால்வாய்.

சின்ன வயதில் இந்த 'ஏரி கோடிக் கால்வாய்' எனக்கு வெறும் பத்திர வார்த்தைதான். கோடி என்றால் ஏரி நிரம்பி வழிகிற இடம். இந்தப் பக்கம் கலங்கல் என்று சொல்பவர்கள் குறைவு; "ஏரி கோடி போவுது" என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். எங்கள் ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாகக் கழனிகளைத் தாண்டி, தெற்கே இறங்கிப் பாலாற்றில் சேர வேண்டும். ஆனால் கோடி போனால்தானே? நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பாலாறு என்பது மணல். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைச் சொல்லுவார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981ல் சாமி வந்துவிட்டார். ஆற்றுக்குத் தண்ணீர் வரவில்லை. வராத தண்ணீருக்கு வழி எதற்கு என்று எல்லோரும் அந்தக் கால்வாயை மறந்துபோனோம். குப்பை கொட்டினோம். மண் மேடிட்டது. கடைசியில் மூன்றடி அகலத்தில் ஒரு சாக்கடையாக நின்றது.

2021 நவம்பரில் தண்ணீர் வந்தது.

பாலாற்றில் அந்த மாதம் ஓடிய வெள்ளத்தைப் பார்க்க ஜனங்கள் பாலத்தின் மேல் நின்றது நினைவிருக்கும். 1903க்கு அப்புறம் இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் போனது அந்த மழையில்தான். வேலூர் நகரத்துக்குள் கன்சால்பேட்டையில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. எங்கள் ஏரி ஒரு ராத்திரி கோடி போக ஆரம்பித்தது. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா என்னை எழுப்பி, "பாத்ரூம் குழாய மூடலயா?" என்று கேட்டாள். குழாய் மூடித்தான் இருந்தது. சத்தம் வெளியிலிருந்து வந்தது. கதவைத் திறந்தால் வாசற்படி இரண்டு தெரியவில்லை. கலங்கிய தண்ணீர், அதன் மேலே வைக்கோலும் தெர்மாகோலும் மிதக்கின்றன. ஒரு மணி நேரத்தில் கூடத்துக்குள் வந்துவிட்டது. பீரோவின் அடித்தட்டு வரைக்கும். அப்பாவின் பென்ஷன் காகிதங்களும் இந்தக் கிரயப் பத்திரமும் மேல்தட்டில் இருந்ததால் தப்பின. மூன்று நாள் கழித்து வடிந்தபோது மோட்டார் அறையில் ஒரு கெளுத்தி செத்துக் கிடந்தது. தண்ணீர் நின்ற கோடு இப்போதும் சுவரில் தெரியும். இரண்டு முறை வெள்ளையடித்தும் அந்தப் பழுப்பு மேலே வந்துவிடுகிறது.

அன்றைக்குக் கால்வாயில் போக முடியாத தண்ணீர் முக்கால்வாசி மாமாவின் கழனியில்தான் போய் நின்றது. இதை நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை, மொட்டை மாடியில் நின்று கண்ணால் பார்த்தேன். மூன்றரை ஏக்கரும் இன்னொரு ஏரிபோல இருந்தது. அந்தக் கழனி இல்லாமல், அதற்குப் பதிலாக மண் கொட்டி நான்கடி உயர்த்திய ஒரு மேடு இருந்திருந்தால் அம்மாவை நான் எங்கே தூக்கிக்கொண்டு போயிருப்பேன்? இந்த ஒரு கேள்விதான் எனக்கு. இதைக் கேட்டால் 'வளர்ச்சிக்கு எதிரி' என்கிறார்கள்.

மாசி மாதம், வீடு கட்டப் போகிற கம்பெனிக்காரர்கள் அந்த இடத்திலேயே ஷாமியானா போட்டு எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். காபி கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வழவழப்பான புத்தகம். அதில் தென்னை மரங்கள், நீச்சல் குளம், ஓடுகிற ஒரு பெண். கம்பெனி தரப்பில் வந்த இன்ஜினியர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "மேடம், எல்லாம் ரூல்ஸ்படிதான்." எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்தால் எங்கள் வேலை சுலபம். வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்துப் பார்த்தேன். கணக்கு எழுதுவது என் தொழில், அதனால் இந்த மாதிரி எழுத்து எனக்குப் பயமில்லை. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை தளப்பரப்புக் குறியீடு என்று சொல்கிறார்கள், எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்பதுதான் அது. சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு ஒன்றரை மடங்காக இருந்தது, இப்போது இரண்டு மடங்கு. 2019ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் வரைக்கும் அது அடுக்குமாடிக் கோபுரம் என்ற கணக்கில் வராது. கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், மேலே ஐந்து மாடி. அதைத் தாண்டினால்தான் 12 மீட்டர் ரோடு வேண்டும் என்பார்கள், விதிகளும் கெடுபிடியாகும். எங்கள் ரோடு பத்திரப்படி 30 அடி, அதாவது 9 மீட்டர். ஆகவே ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும். மூன்றரை ஏக்கர் என்பது சுமார் 14,000 சதுர மீட்டர். அதை இரண்டால் பெருக்கினால் 28,000. வீட்டுக்கு 900 சொச்சம் சதுர அடி என்று வகுத்துப் பார்த்தால் 320 வீடு வந்து நிற்கிறது. யாரும் வரம்பு மீறவில்லை. வரம்பின் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

கட்டடத்தின் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 2006ஆம் வருஷத்து அறிவிக்கை அது. சரி, அப்படியானால் ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். பல தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அந்தக் கூட்டம் உண்டு. குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு. அந்த வரியை நான்கு தடவை படித்திருப்பேன். பக்கத்து வீட்டில் மாமரம் வெட்டினால்கூட நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுகிற ஊர் இது. 1,300 பேர் குடிவரும் விஷயத்தில் எங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதிய ஒரு வரி சட்டத்தில் கிடையாது. ஷாமியானா போட்டுக் கூப்பிட்டதே அவர்கள் காட்டிய பெருந்தன்மை என்று ஆகிவிட்டது.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 320 வீடு, வீட்டுக்கு நாலு பேர், 1,280 பேர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசாங்கத் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. பெருக்கினால் தினமும் ஒரு லட்சத்து 73 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் பதினான்கு லாரிக்கு மேல். எங்களுக்கு வருவது மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற காவிரித் தண்ணீர், சில வாரம் ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான். அப்பா வீடு கட்டியபோது முப்பதடியில் கிணறு. 1999ல் 180 அடிக்குப் போர் போட்டோம். 2017ல் அது வற்றி 420 அடி. புதுக் கட்டடத்தில் எத்தனை போர், எத்தனை அடி என்று ஷாமியானாவில் கேட்டதற்கு, "அது ஹைட்ரோ ஜியாலஜிஸ்ட் ரிப்போர்ட் பார்த்துதான் மேடம்" என்றார்கள். குடித்து, குளித்து, துவைத்த தண்ணீரில் நூற்றுக்கு எண்பது கழிவாக வெளியே வரும் என்பதும் பொதுவான கணக்குதான். ஒரு லட்சத்து 38 ஆயிரம் லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் வைப்பார்கள், வைத்தே ஆக வேண்டும். சுத்திகரித்த தண்ணீரில் செடிக்கும் கழிப்பறைக்கும் போக மிச்சம் எங்கே போகும்? மூன்றடிச் சாக்கடைக்குத்தான். அதாவது எங்கள் வீட்டு மேற்குச் சுவரை ஒட்டி.

எங்கள் எதிர்ப்பில் எனக்கு ஒப்பாத பாதி என்று சொன்னேன், அதையும் எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "எவன் எவனோ வருவான், வடக்கத்தியான் எல்லாம் வந்து ரூம் எடுப்பான், நம்ம பொண்ணுங்க தெருவில் நடக்க முடியாது" என்று போட்டார். பத்துப் பேர் கைதட்டினார்கள். இன்னொருவர், யாருக்கு வீடு விற்கலாம், யாருக்கு விற்கக் கூடாது என்று கம்பெனியிடம் எழுதி வாங்க வேண்டும் என்றார். அது எந்த சாதியை, எந்த மதத்தை மனதில் வைத்துச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். மனுவை எழுதும் வேலை என்னிடம் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சண்டை ஆயிற்று. இரண்டு வீட்டார் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வேலூர் வெளியூர் ஆட்களால் வாழ்கிற ஊர். 1900ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தேடி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து மாதக் கணக்கில் தங்குகிறார்கள். அந்தப் பக்கத்துக் கடைகளில் வங்காளி எழுத்தில் போர்டு இருக்கிறது. நம்ம காய்கறிக்காரம்மா இந்தியில் பேரம் பேசுகிறாள். காட்பாடியில் பாதி வீடுகளின் மாடி வாடகை, படிக்க வந்த பிள்ளைகள் கொடுப்பது. எங்கள் மாடியிலும் ஒரு பெண் இருக்கிறாள். நர்ஸ். குடியாத்தம் பக்கத்துக் கிராமம், இரண்டு வயதில் குழந்தை. நாங்கள் மனு எழுதிக்கொண்டிருந்த ராத்திரி டியூட்டி முடிந்து வந்தவள், மேஜையில் இருந்த அந்த வழவழப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, இதுல ஒரு பெட்ரூம் வீடு இருக்குதாக்கா? லோன் கிடைச்சா நானும் ஒண்ணு பாக்கலாம்னு இருந்தேன்" என்றாள். எனக்குப் பேனா ஓடவில்லை. அவளுக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவள் வாடகையில்தான் அம்மாவுக்கு மருந்து வாங்குகிறேன்.

அதற்கப்புறம் மனுவில் 'வேண்டாம்' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டேன்.

மாமாவைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எதிர்ப்பு ஆரம்பித்ததிலிருந்து அவர் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. எண்பதை நெருங்குகிறார். திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முறத்தை என் பக்கம் நகர்த்தினார். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

"நீங்கள்லாம் மனை வாங்கிகினு வந்தப்போ, ஏன் இத்தினி பேரு வரீங்கன்னு நான் கேட்டனா மா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அதுவும் கழனிதான். எங்க பெரியப்பா கழனி. மூணு போகம் வெளஞ்ச மண்ணு. உங்கப்பாரு கடக்கால் தோண்டுனப்போ நான்தான் ஆளு கூட்டியாந்து குடுத்தேன்."

என்னிடம் பதில் இல்லை. அது உண்மை. வந்து குடியேறியவள் கதவைச் சாத்திக்கொண்டு, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து இடமில்லை என்று சொன்னால் அது நியாயமா என்று அவர் கேட்காமல் கேட்கிறார்.

"எம் புள்ளைங்க ஒருத்தனும் சேத்துல கால வெக்க மாட்டான். கூலி குடுத்து நட்டு, அறுத்து, மூட்டை கட்டி, கைல இன்னா நிக்குது? மூட்டு ஆபரேஷனுக்கு ரெண்டு காலுக்கும் எவ்ளோ ஆச்சி தெரியுமா?" விற்காமல் வேறு என்ன செய்திருக்க முடியும் அவரால்? நிலம் பச்சையாக இருப்பதைப் பார்க்க நமக்கு நன்றாக இருக்கிறது. அந்தப் பச்சைக்கு ஆகும் செலவை அவர் ஒருத்தர் தலையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏரிப் பாசனக் கழனி வைத்திருப்பவருக்கு, வெள்ளத் தண்ணீரைத் தாங்கி ஊரைக் காப்பாற்றியதற்காக யாராவது ஒரு ரூபாய் கொடுத்தது உண்டா? நஷ்டஈடு கேட்டு அலைந்ததுதான் மிச்சம்.

எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டட்டும். தண்ணிக்கு வழி உட்டுட்டுக் கட்டச் சொல்லு. அத்த மட்டும் உட்றாத. அது போற வழி எனுக்குத் தெரியும், எங்க அய்யா நீர்க்கட்டியா இருந்தவரு." நீர்க்கட்டி என்றால் ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குத் திருப்பிவிடுகிற ஆள். பிறகு கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். கோடியிலிருந்து புங்க மரம் வரைக்கும், புங்க மரத்திலிருந்து வளைந்து எங்கள் வீட்டு மேற்குச் சுவர் வரைக்கும். "எட்டு மொழம் அகலம்" என்றார். ஒரு முழம் ஒன்றரை அடி. பன்னிரண்டடி.

புலப்படம், அதாவது அரசாங்கம் நிலத்தை அளந்து வரைந்த படம், வாங்கிப் பார்த்தபோது அதில் இரட்டைக் கோடாகக் கால்வாய் இருக்கிறது. வாய்க்கால் புறம்போக்கு. அகலம் 3.6 மீட்டர். பன்னிரண்டடியேதான்.

எங்கள் மனு அதற்கப்புறம்தான் ஒரு வடிவத்துக்கு வந்தது. கால்வாயைப் புலப்படத்தில் உள்ள அகலத்துக்கு மீட்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக விட்டு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஓ.எஸ்.ஆர். என்பார்கள். இங்கே அது 35 சென்ட். கம்பெனியின் வரைபடத்தில் அது வடமேற்கு மூலையில், யாருக்கும் உபயோகப்படாத ஒரு முக்கோணமாகக் கிடந்தது. அந்த 35 சென்ட்டைக் கால்வாயின் ஓரமாக நீளவாக்கில் வைத்தால் வெள்ளம் வந்தால் பரவி நிற்க இடம், வராத நாளில் பிள்ளைகள் விளையாட இடம். கம்பெனிக்கு ஒரு சதுர அடிகூட நஷ்டமில்லை. மேற்கே ஊராட்சி ரோட்டுக்கு இன்னொரு வழி திறக்க வேண்டும். வீடுகளின் எண்ணிக்கையை எங்கள் ரோடும் தண்ணீரும் தாங்குகிற அளவுக்குக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று ஒரு எண் போடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் 180 என்று எழுதினேன். அது வானத்திலிருந்து எடுத்த எண் இல்லை. ஸ்டில்ட்டும் மூன்று மாடியும் என்றால் ஏறக்குறைய அவ்வளவு வரும். எங்கள் மொட்டை மாடிகளைவிட ஒரே ஒரு மாடி உயரம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில், சத்துவாச்சாரியில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். வார்டு ஜனங்கள் கூடுகிற பகுதி சபையில் பேசினோம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஒட்டி ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு முப்பது நாளில் வர வேண்டிய பதில் எழுபத்திரண்டு நாளில் வந்தது. 'பரிசீலனையில் உள்ளது.' இரண்டு வார்த்தை. அதை வாங்க ஒரு பண்டிகை போய்விட்டது.

இதற்கு நடுவில்தான் ரோட்டை அளந்தோம். எதிர்வீட்டு அண்ணன் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருந்த நீள டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். காலை ஆறு மணி, சித்திரை வெயில் அதற்குள் முதுகில் ஏறிவிட்டது. 30 அடி ரோட்டை நம்பித்தானே ஐந்து மாடி, அந்த முப்பதடி உண்மையில் இருக்கிறதா பார்த்துவிடுவோம் என்பது அவர் யோசனை. மெயின் ரோடு முனையில் சரியாக 30. கோயிலுக்கு முன்னால் 26 அடி 4 அங்குலம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 21 அடி 8 அங்குலம். செப்டிக் டேங்க் லாரி அங்கேதான் ஒவ்வொரு முறையும் சிக்கும். 2022 ஜூனில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, குறுக்கு வழி தேடி வந்த வண்டிகள் இதே இடத்தில்தான் மணிக்கணக்கில் நின்றன.

அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அளவு குறைகிற இடத்தில் எல்லாம் காரணத்தையும் எழுத வேண்டும் என்றேன். அவர் பேனா நின்றுவிட்டது. காரணம் எங்கள் சாய்தளங்கள். பைக் ஏற்ற, கார் ஏற்ற, ஒவ்வொரு வீடும் ரோட்டின் மேல் இரண்டடி, மூன்றடி சிமெண்ட் போட்டிருக்கிறோம். சில வீட்டில் செடித் தொட்டி, ஒரு வீட்டில் படிக்கட்டே வெளியில். எங்கள் வீட்டு சாய்தளம் இரண்டடி எட்டு அங்குலம். அம்மாவின் சக்கர நாற்காலிக்காகப் போட்டது.

"இதை எழுதினா அவன் நம்மளத்தான் முதல்ல இடிக்கச் சொல்லுவான்" என்றார் அண்ணன். எழுதத்தான் வேண்டும் என்றேன். எழுதினோம். அடுத்த கூட்டத்தில் அந்த அளவை நான் வாசித்தபோது பெரிய ரகளை. ஆனால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் வீட்டு சாய்தளத்தைத் தானே சம்மட்டி எடுத்து உடைத்தார். அதைப் பார்த்துப் பதினோரு வீட்டில் உடைத்தார்கள். எங்களுடையதும் ஒன்று. கழற்றி மாட்டுகிற மாதிரி இரும்பில் ஒன்று செய்துவிட்டேன், அம்மா வெளியே போகும்போது மட்டும் வைக்கிறோம். ஒன்பது வீட்டில் இன்னும் உடைக்கவில்லை.

ஆவணி கடைசியில் அளவைக்கு ஆள் வந்தார்கள். சர்வேயர், இரண்டு உதவியாளர்கள், கம்பெனி இன்ஜினியர், நாங்கள் ஒரு இருபது பேர். மாமாவை அவர் பேரன் பைக்கில் வைத்துக் கூட்டி வந்தான். எங்கள் தெருவுக்கு அவர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சர்வேயர் கருவியைப் பார்த்து ஓரிடத்தைச் சொல்லச் சொல்ல, மாமா அதற்கு முன்னாலேயே கைத்தடியை அந்த இடத்தில் ஊன்றிக் காட்டினார். இரண்டு தடவை ஒரு சாணுக்குள் சரியாக இருந்தது. சர்வேயர் சிரித்துவிட்டு, "பெரியவரே, நீங்களே சொல்லிடுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார்.

கால்வாயின் மேற்குக் கரை, கம்பெனி அடித்த தகரத்துக்கு உள்ளே ஐந்தடியில் போகிறது. அங்கே கல் நட்டார்கள். இன்ஜினியர் ஒன்றும் சொல்லவில்லை, போனில் படம் எடுத்துக்கொண்டார். வரைபடத்தைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது என்று கேள்வி. அந்தத் திறந்தவெளி 35 சென்ட் கால்வாய் ஓரத்துக்கு வருமா, 320 என்பது எவ்வளவாகக் குறையும், குறையுமா என்பது இதை எழுதுகிற நாள் வரைக்கும் முடிவாகவில்லை.

கிழக்குக் கரையின் கல் எங்கள் வீட்டுக்குள் விழுந்தது. மேற்குக் காம்பவுண்டுச் சுவருக்கு நான்கடி உள்ளே, கறிவேப்பிலை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில். மனை போட்டவர்களே கால்வாயில் கொஞ்சம் மண்ணைத் தள்ளி விற்றிருக்கிறார்கள். அப்பா பத்திரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் சுவர் வைத்தார், அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உதவியாளர் கடப்பாரையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நடுங்கள் என்றேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி பின்வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போனதும், "எப்ப இடிக்கணும்?" என்று கேட்டாள்.

"ஐப்பசி மழைக்குள்ள இடிச்சிடலாம்மா."

நேற்றுக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா அவரிடம் கூலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கல்ல ஒடைக்காம பேத்து எடுப்பா. அவர் ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து வாங்கின கல்லு. நாலடி தள்ளி அதையே வெச்சிக் கட்டிக்கலாம்" என்றாள்.